பெரிலின் வெள்ளோட்டம்

ஓடையில் தங்கம் எடுக்கப் புருஷன் கட்டிய ஓர் இயந்திரத்துக்குத் தன் அம்மாவின் பெயரை வைத்ததைக்கூட நோலீன் மன்னித்துவிட்டாள். காயப்போட்ட துணிமேலெல்லாம் அது சேற்றை வாரி இறைத்ததைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. கடற்கரை மலைப்பகுதியான ரீஃப்டன் பக்கத்தில் மழை விட்டு வெயில் எட்டிப்பார்ப்பதே அபூர்வம். அப்படி வாய்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை என்று வீட்டையே துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள். தண்ணீர் கொதிப்பதற்குள் கொல்லையில் டுபுடுபுவென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், கன்றுக்குட்டிகள் தண்ணீர் குடிக்கும் தொட்டிக்குள் குழாயை விட்டுக்கொண்டு, புருஷன் பிரெண்டன் வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த பாசியும் சேறும் குழாய் வழியே ஏறி, இயந்திரத்தின் பெட்டியைத் தாண்டிப் பறந்து, வெள்ளை விரிப்பின்மேல் போய் அப்பியிருந்தன.

"இழுக்குது நோலி! பாரு, எப்படி இழுக்குது பாரு!"

"இழுக்குது, என் உயிரைத்தான் இழுக்குது. அந்த விரிப்பை இப்ப யாரு துவைக்கிறது? உன் பெரிலா?"

"உங்கம்மா இருந்தா துவைச்சுக் குடுத்திருப்பாங்க."

"எங்கம்மா இருந்தா உன்னைத் துவைச்சிருப்பாங்க."

பெரில் என்பது நோலீனின் தாயார் பெயர். "எதைக் குடுத்தாலும் விழுங்குது. சத்தம் போட்டா ஊரே கூடுது. நல்லதையெல்லாம் தான் வச்சுக்கிட்டு, கல்லை மட்டும் நம்ம பக்கம் துப்புது. வேற என்ன பேர் வைக்கச் சொல்ற?" என்பது பிரெண்டனின் வாதம். சாலை வேலைக்கு மண்வாரி ஓட்டுகிறவன் அவன். கடைக்குப் போய் ஒரு ஆணி வாங்கினால்கூட மானம் போய்விடும் என்று நினைக்கிற ஆள். அந்தக் கடற்கரைப் பக்கத்து ஆண்கள் எல்லோருமே அப்படித்தான், இவன் ஒரு படி கூடுதல். பால்பண்ணையில் தூக்கி எறிந்த நீல பிளாஸ்டிக் டிரம்கள் மிதவையாயின. பழைய அலுமினிய ஏணியை அறுத்துச் சட்டம் போட்டான். சிமெண்ட் கலக்கும் இயந்திரத்திலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்தான். குளிர்காலம் முழுக்க நோலீன் தன் பின்வாசல் கால்மிதியைத் தேடிக்கொண்டிருந்தாள். அது பெரிலின் பெட்டிக்குள் விரித்துக் கிடந்தது.

வேலை என்னவோ சுலபம்தான். எஞ்சின் பம்பைச் சுற்றும். பம்பு தண்ணீரை ஒரு குறுகலான வாய் வழியே பீய்ச்சும். அந்த வேகத்தில் தடித்த குழாய் ஆற்றின் அடிமட்டத்தை மண்ணோடும் கல்லோடும் உறிஞ்சி மேலே இருக்கும் சரிவுப் பெட்டியில் கொட்டும். கல்லும் மணலும் உருண்டு ஓடையிலேயே விழுந்துவிடும். கனமான தங்கம் மட்டும் இரும்புக் குறுக்குப் பட்டைகளுக்குப் பின்னால் கால்மிதியின் நாரில் மாட்டிக்கொள்ளும்.

சிரிப்பெல்லாம் இதுவரைக்கும்தான். குழாயின் வாயைப் பாறை இடுக்கில் பிடித்து நகர்த்த ஓர் ஆள் தண்ணீருக்கு அடியில் இருக்கவேண்டும். அந்த ஆளுக்கு மூச்சு வேண்டும். அதே எஞ்சின் ஒரு சின்னக் காற்று பம்பையும் ஓட்டும். அது காற்றை ஒரு தொட்டியில் நிரப்ப, அங்கிருந்து நீண்ட மஞ்சள் குழாய் வழியாக அது பிரெண்டனின் வாய்க்குப் போகும். எஞ்சின் கக்கும் புகையை அந்தப் பம்பு இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, காற்று இழுக்கும் ரப்பர் குழாயைக் கரைவரை நீட்டி, ஒரு துடைப்பக் கட்டையின் உச்சியில் கட்டி, கட்டையைக் கரையில் நட்டுவைப்பான். எஞ்சினின் புகைக்குழாயோ அதற்கு நேர் எதிரே, நடு ஓடையைப் பார்த்திருக்கும்.

"இந்த வாய்க்குள்ள புகை போச்சுன்னா நான் போனேன். நல்லா ஞாபகம் வச்சுக்க," என்று அவனே அவளுக்கு ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

நோலீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். எஞ்சின் விஷயத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. பிள்ளைகள் வளர்ந்து ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். இப்போது அந்த வீட்டில் இரண்டாவது கோப்பை டீயைக் குடிக்க பிரெண்டனை விட்டால் ஆள் கிடையாது. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னது வேறு மாதிரி.

"நீ தண்ணிக்கடியில இருக்குறப்ப நான் கரையில இருப்பேன். நான் வராத அன்னிக்குப் பெரிலுக்கு லீவு. இதுக்குச் சம்மதம்னா செய், இல்லன்னா அதைப் பிரிச்சு ஏணியாவே திருப்பி மாட்டு."

"சம்மதம் சம்மதம், தாயே," என்றான் பிரெண்டன்.

ஓடையில் வேலை செய்ய அனுமதி வந்து, வசந்தகாலத் தண்ணீர் தெளிந்ததும், வெள்ளோட்டத்துக்கு நாள் குறித்தார்கள். பெரிலை வண்டியிலிருந்து இறக்க டிபெனே வந்தான். பல வருஷத்துச் சிநேகிதன், ஆள் கதவு அகலம். கீழே பாலத்தருகே வலை போட்டு, நெத்திலியைவிடப் பொடியான வெள்ளைக் குஞ்சு மீன் பிடித்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டால் வராமலா இருப்பான்?

"ப்ரோ, இது மிதக்குமா, இல்ல நேரா அடியில போய் உட்கார்ந்துக்குமா?"

"நீ ஏறாம இருந்தா மிதக்கும்."

மிதந்தது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தது. மறுபக்கம் ஒரு பாறாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் நேராயிற்று. டிபெனே வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தன் வலையைப் பார்க்கக் கீழே போய்விட்டான்.

பிரெண்டன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். உள்ளே சிவப்புச் சாயம் பூசிய ஈயக் குண்டுகள். தங்கத்தைப்போல ஈயமும் கனம். ஓடை அடியில் அவற்றைத் தூவி உறிஞ்சவைத்து, கடைசியில் கால்மிதியில் எத்தனை சிக்கியிருக்கிறது என்று பார்த்தால் பெட்டியின் சரிவு சரியா தப்பா என்று தெரிந்துவிடும். தங்கம் தோண்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற சோதனைதான்.

"இந்தச் சிவப்பு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே," என்றாள் நோலீன்.

"உன் நெயில்பாலிஷ். சும்மா காய்ஞ்சுகிட்டுதானே இருந்துச்சு?"

"ஏன்யா, வீட்டுல இன்னும் எதையாவது விட்டு வச்சிருக்கியா?"

முதல் முங்கல் பிரமாதமாக நடந்தது. ரப்பர் உடையும், மிதக்காமலிருக்க இடுப்பில் ஈயப் பட்டையுமாக அவன் ஓடை தேங்கிய மடுவின் ஆழமான பக்கம் இறங்கினான். நின்றால் தலை முழுகும் ஆழம். நோலீன் கரைப்பாறையில் உட்கார்ந்து மஞ்சள் குழாயைக் கையில் வைத்திருந்தாள். அவள் ஒரு இழுப்பு இழுத்தால் 'சௌக்கியமா' என்று அர்த்தம். அவன் பதிலுக்கு ஒன்று இழுத்தால் சௌக்கியம். பெட்டியில் கற்கள் கடகடவென்று உருண்டுகொண்டே இருந்தன. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல் ஒரு சத்தம். அது கேட்கும்வரை அவன் வேலையில் இருக்கிறான்.

வினை ஈயின் ரூபத்தில் வந்தது. அந்த ஓடைக்கரை மணல் ஈயைப் பற்றிச் சொல்வதென்றால், எள்ளளவு உடம்பு, ஆனால் கடித்தால் ஒரு வாரம் சொறியவேண்டும். வெயில் ஏறியதும் கூட்டமாக வந்து நோலீனின் கழுத்தையும் மணிக்கட்டையும் பிடுங்கின. பிரெண்டன் டீ குடிக்கக் கரையேறியபோது அவள் தன்னைத்தானே அடித்துக்கொண்டு ஒரு ஆட்டமே ஆடிக்கொண்டிருந்தாள்.

"என்ன நோலி, சாமி வந்துடுச்சா?"

"சிரி, நல்லா சிரி. நீ ரப்பரைப் போட்டுக்கிட்டு உள்ள போயிடற. இங்க என்னை உயிரோட தின்னுதுங்க."

அவன் அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். சிவந்து தடித்திருந்தது. எழுந்து போய், எஞ்சின் புகைக்குழாயின் வளைவைக் கந்தல் துணியால் பிடித்துக் கரைப்பக்கமாகத் திருப்பினான். நீலப் புகை பாறையை ஒட்டித் தவழ்ந்து புதருக்குள் போயிற்று. ஈக்கள் மாயமாய் மறைந்தன.

"யோவ், காத்துக் குழாய் இங்கதானே இருக்கு?"

"அது உசரத்துல இருக்கு. புகை கீழேயே போகுது, பாரு. காத்தும் மலைப்பக்கமிருந்து கீழ அடிக்குது. நீ நிம்மதியா உட்காரு."

நோலீன் பார்த்தாள். சொன்னது சரியாகத்தான் இருந்தது. இப்படி நம் அரிப்பைப் பார்த்துப் பொறுக்காத புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்துக்கொண்டாள். அவன் இரண்டாம் முறை இறங்கினான். அவள் முட்டை வைத்த சாண்ட்விச்சைப் பிரித்து, வாழ்நாளில் முதல்முறையாக ஓடைக்கரையில் ஈ மொய்க்காமல் சாப்பிட்டாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்கள் இருவரும். காலையில் காற்று மலையிலிருந்து இறங்கும், உச்சிப் பொழுதில் கடலிலிருந்து ஏறும். சின்னக் குழந்தைகூட அறிந்த விஷயம். இடையில் கொஞ்ச நேரம் காற்றே இல்லாமல் எல்லாம் அப்படியே நிற்கும். அதுவும் தெரிந்ததுதான். தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்?

நோலீனுக்குத் தலை கனத்தது. காலையில் சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்தாள். பிறகு டீ ஆறிவிட்டதால் என்று நினைத்தாள். நெற்றிக்குள் கயிறு கட்டி இறுக்கினாற்போல் இருந்தது. இந்த வலியை எங்கேயோ அனுபவித்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு, பெட்டியில் கல் உருளும் சத்தம் நின்றுபோனது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. தண்ணீர் மட்டும் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய பாறையை நகர்த்துகிறான்போலிருக்கிறது. அவள் குழாயை ஒரு இழுப்பு இழுத்தாள்.

பதில் இல்லை.

மறுபடி இழுத்தாள். குழாய் தொளதொளவென்று இருந்தது. அப்போதுதான் அந்த வலி எங்கே வந்தது என்று ஞாபகம் வந்தது. குளிர்காலத்தில் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு பஸ்ஸை ஓடவிட்டால் வருகிற வலி அது. அவள் தலையைத் தூக்கித் துடைப்பக் கட்டையைப் பார்த்தாள். காற்று செத்துப் போயிருந்தது. புகை புதருக்குப் போகவில்லை, கீழேயும் போகவில்லை. பாறையையும் அவளையும் கட்டையின் உச்சியையும் சேர்த்து நீலமாகப் போர்த்தியிருந்தது. வெளியில் உட்கார்ந்திருந்த அவளுக்கே இந்தக் கதி. அதையே குடித்துக்கொண்டு அவன் கீழே இருக்கிறான்.

எஞ்சினை நிறுத்தினால் பம்பு நின்றுவிடும். நிறுத்தாவிட்டால் விஷம் போய்க்கொண்டே இருக்கும். தொட்டியில் மிச்சமிருக்கும் காற்று கொஞ்ச நேரம் வரும். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. தாவிப்போய் எஞ்சினை அணைத்தாள். ஓடை திடீரென்று நிசப்தமாயிற்று.

"பிரெண்டன்!" என்று கத்தினாள். தண்ணீருக்குள் கேட்காது என்று தெரிந்தே கத்தினாள். பூட்ஸோடு குதித்தாள். பனி உருகிய தண்ணீர் மூச்சை அடைத்தது. அவன் இடுப்போடு பிணைத்திருந்த மஞ்சள் குழாயைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தாள். பாழாய்ப்போன மனுஷன் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தான். வாயில் மூச்சுக்குழாய் இன்னும் பல்லிடுக்கில் இருந்தது. அவன் ஈயப் பட்டையின் கொக்கியைத் தடவித் தடவி அவிழ்த்தாள். பட்டை விழுந்ததும் அவன் உடம்பு மேலே வந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, விழுந்து எழுந்து, எப்படியோ அவனைக் கூழாங்கல் கரையில் கொண்டுவந்து போட்டாள். புகை எட்டாத இடத்துக்கு இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அத்தனை பலம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முகமூடியைக் கழற்றினாள். கண் செருகியிருந்தது. கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்னொன்று அறைந்தாள்.

அவன் இருமினான்.

இருமி, குமட்டி, காலையில் சாப்பிட்டதையெல்லாம் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். கல்யாணத்தன்றுகூட நோலீன் அவனை அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

"ஏன் எஞ்சினை நிறுத்தின?" என்றான், குடித்தவன்போல் நாக்குக் குழற. "கொஞ்சம் தூங்கிட்டு எந்திரிச்சு வர்றேன். விடு."

"தூங்குவியா? தூங்கித்தான் பாரேன், கொன்னுடுவேன்!"

அவனைத் தோளில் சாய்த்து வண்டிவரை நடத்தினாள். நடத்தினாள் என்பதைவிட இழுத்தாள் என்பதே சரி. அந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. ஹார்னை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கியதில் பாலத்தருகே டிபெனே வலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் உடனே ஏறி உட்கார்ந்து, ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டு, பிரெண்டனின் தலையை வெளிக்காற்றுப் பக்கம் பிடித்துக்கொண்டான்.

"ப்ரோ, தூங்காதே. பேசு. உன் மாமியாரைப் பத்திப் பேசு."

"நல்ல... நல்ல பொம்பளை," என்று முனகினான் பிரெண்டன்.

"அடக் கடவுளே, நோலீன், சீக்கிரம் ஓட்டு! இவன் புத்தி பேதலிச்சுப் போச்சு!"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் ஒருநாளும் ஓட்டாத வேகத்தில் மலைச் சாலையில் ஓட்டினாள். பின்னால் பிரெண்டன் ஒவ்வொரு வளைவுக்கும் திட்டினான். திட்டட்டும் என்று இருந்தது. திட்டுகிற சத்தம் நின்றால்தான் பயம்.

கிரேமவுத் நகரத்து ஆஸ்பத்திரிக்காரர்கள் அவன் மூக்குக்கும் வாய்க்கும் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டி, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோலீனுக்கும் ஒரு முகமூடியை மாட்டிக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தார்கள். டிபெனே தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, பெரிலைக் கரையேற்ற யாரோ ஒருவருடைய வண்டியில் திரும்பிப் போனான். சாயங்காலமாகத்தான் மருத்துவர் அம்மா வந்து அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"பயப்படாதீங்க. ரத்தத்துல இருந்த விஷம் நல்லா இறங்கிடுச்சு. நினைவு, பேச்சு, கைகால் எல்லாம் சரியா இருக்கு. ராத்திரி இங்கயே இருக்கட்டும், காலையில கூட்டிட்டுப் போங்க. இன்னும் கொஞ்ச நேரம் கீழ இருந்திருந்தா நான் இப்படிச் சிரிச்சுக்கிட்டுப் பேசமாட்டேன். நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க."

நோலீன் நன்றி சொன்னாளா என்று அவளுக்கே நினைவில்லை. வெளியே வந்தாள். மழை பொசபொசவென்று தூறிக்கொண்டிருந்தது. அப்பாடா! உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது, அவனுடையது மட்டுமல்ல, அவளுடையதும். கூடவே ஒரு பசி வந்தது பாருங்கள், அப்படி ஒரு பசி. தெருமுனைக் கடையில் மீனும் சிப்ஸும் இரண்டு பொட்டலம் வாங்கினாள், ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. வண்டியில் உட்கார்ந்து, விரல் சுடச் சுடத் தின்றாள்.

திரும்பி வந்தபோது பிரெண்டன் தலையணையில் சாய்ந்து விழித்திருந்தான். ஓடையிலிருந்து திரும்பியிருந்த டிபெனே பக்கத்தில் ஒரு வாளியோடு நின்றான். உள்ளே சுருட்டிய கால்மிதி. அதன் நாரில் ஈயக் குண்டுகள் சிவப்புச் சிவப்பாய் ஒட்டியிருந்தன. நடுநடுவே மஞ்சளாகச் சில பொடிகள்.

"பெட்டி அருமையா வேலை செய்யுது ப்ரோ. ஒரு குண்டைக்கூட விடல போல. தங்கமும் கண்ணு காட்டுது," என்றான் டிபெனே.

பிரெண்டன் வாளியைப் பார்க்கவில்லை. நோலீனைத்தான் பார்த்தான். முகமூடியைக் கொஞ்சம் தூக்கினான்.

"தெரிஞ்சே செஞ்சேன் நோலி. காத்து திரும்பும்னு தெரியும். உன் கழுத்தைப் பார்த்ததும் மத்ததெல்லாம் மறந்து போச்சு."

அவ்வளவுதான், அவள் உடைந்தாள். "ஈ கடிச்சா நான் சொறிஞ்சுக்குவேன்யா! நீ போயிட்டா நான் எங்க போய்ச் சொறியிறது? கழுத்தாம் கழுத்து! யாருய்யா கேட்டா உன்னை? மூச்சுக்கு மூச்சு எனக்குப் பாடம் எடுத்தியே, புகை போச்சுன்னா நான் போனேன்னு! இனிமே அந்தக் குழாய்மேல கை வச்சுப் பாரு, கையை ஒடிக்கிறேன்!"

அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார். டிபெனே வாளியோடு நைசாக வெளியே நழுவினான். பிரெண்டன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு கிடந்தான். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் மூக்கைச் சுளித்து முகர்ந்தான்.

"மீன் வாசனை வருதே."

"ஆமா. பசிச்சுது. வாங்கித் தின்னேன்."

"எனக்கு?"

"உனக்கும் வாங்கினேன்."

"எங்க?"

நோலீன் தன் கைகளைப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கு. "அதையும் தின்னுட்டேன் போலிருக்கு."

"ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

"அடிப் பாவி! சாகக் கிடந்தவன் பங்கையுமா? காலையில தின்னதெல்லாம் உன் மடியிலயே போயிடுச்சு. வயிறு கிள்ளுது, எனக்குப் பசிக்குது நோலி!"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. கம்பளிச் சட்டையின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்ன?"

"பசிக்குதுன்னேன்."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஏன், காது கேக்கலையா? பசிக்குது!"

"சொல்லிக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு, நோலீன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பினாள்.